1815க்குப் பிறகு கட்டியது

கண்டியில் பழைய கட்டடம் என்றாலே எல்லாருக்கும் தலதா மாளிகைதான் ஞாபகம் வரும். 1988இல் யுனெஸ்கோ இந்தப் புனித நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கிருந்து பஸ் ஏறி வத்தேகம வந்து, பன்வில, மடுல்கலைப் பக்கம் மேலே போனால், பழசு என்ற சொல்லுக்கு வேறு உருவம். இங்கே பழசு என்றால் லயம், துருப்பிடித்த தகரக் கூரையோடு நிற்கும் ஸ்டோர், கொழுந்து மடுவம், பாசி படிந்த பீலிக்கரை.

நாங்கள் சில பேர் சேர்ந்து இதையெல்லாம் படம் எடுத்து, விசாரித்து, எழுதி இணையத்தில் போட்டு வருகிறோம். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "இதுல என்ன இருக்குன்னு போட்டோ புடிக்கிறீங்க?"

பதில் ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதுதான் தொன்மைச் சின்னம். அது கண்டி ஒப்பந்தத்தின் திகதி. எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். அதாவது மலையகத் தமிழர் இந்த மலையில் கட்டிய, வாழ்ந்த, கும்பிட்ட எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடுகிறது.

சட்டத்தில் ஒரு வழியும் இருக்கிறது. நூறு வருசம் கடந்த கட்டடம் என்றால், 1815க்குப் பிந்தியதாக இருந்தாலும், அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம். ஆனால் அதற்கு முதலில் அந்தக் கட்டடம் நூறு வருசம் பழசு என்று யாராவது சொல்ல வேண்டும். வத்தேகம ஸ்டேசன் இருக்கிற மாத்தளை ரயில் பாதை 1880இல் திறந்தது என்று புத்தகத்தில் பார்க்கலாம். பக்கத்து மலையில் இருக்கிற லயத்துக்கு வயசு கேட்டால், "எங்க தாத்தா காலத்துலயே இருந்துச்சு" என்பதுதான் பதில்.

ஆகவே நாங்கள் வருசம் கேட்பதை விட்டுவிட்டு, சம்பவம் கேட்கிறோம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு முந்தியா பிந்தியா? தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது கூரை இப்படித்தான் இருந்ததா? எழுபத்தேழு கலவரத்தில் இந்த லயத்து ஆட்கள் எங்கே ஓடினார்கள்? அப்படிக் கேட்டால் வாசல் திறக்கும், டீ வரும், கட்டடத்தின் வயசோடு குடும்பத்தின் கதையும் வரும்.

பெயர்களும் வரும். பெயர்ப் பலகையில் தோட்டத்துக்கு இங்கிலிஷ் பெயர், ஆட்களின் வாயில் வேறு பெயர். மேட்டு லயம், பணிய லயம், பத்துக் காம்பரா லயம், பெரட்டுக்களம், பிள்ளைக் காம்பரா. நாங்கள் பார்த்த வரைபடங்களில் இதில் ஒன்றுகூட இல்லை. தனி விலாசம் இல்லாததால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வந்து சேரும் வீடுகள் மலையகத்தில் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு பெயர் எழுதி வைப்பது இங்கே சின்ன விசயம் இல்லை.

ஆனாலும் ஒரு அம்மா எங்களிடம் கோபமாகவே கேட்டார்: "இந்த லயத்த இடிச்சுத் தள்ளணும்னு நாங்க நிக்கிறோம். நீங்க பாதுகாக்கணும்னு வாறீங்களா தம்பி?"

அந்தக் கோபம் நியாயமானது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், அடுப்புப் புகையிலும் ஒழுகல் கூரையிலும் ஒரு குடும்பம் முழுக்க வாழ்வதை யாரும் மரபுரிமை என்று கொண்டாட முடியாது. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கேட்டு நடக்கிற போராட்டத்துக்குக் குறுக்கே எங்கள் கமெரா நிற்கக் கூடாது. லயம் போகட்டும். போகிறதற்கு முன்னால் அதில் யார் இருந்தார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும். கம்பளைப் பக்கம் பீக்கொக் தோட்டத்தில் 2007இல் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். எல்லா லயத்தையும் அப்படி வைக்கத் தேவையில்லை. ஒன்று நின்றால், பிறகு வருகிற பிள்ளை உள்ளே போய் நின்று அளந்து பார்க்கலாம்.

எழுத்தில் இல்லாததன் விலை எங்கள் ஆட்களுக்குத் தெரியும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், அப்பா இலங்கையில் பிறந்தவர், இல்லாவிட்டால் தாத்தாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறந்தவர்கள் அந்தக் கடதாசிக்கு எங்கே போவார்கள்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. ஒரே லயத்தில் ஒரு காம்பரா கப்பலேறியது, பக்கத்துக் காம்பரா இங்கே நின்றது. யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்பது இன்று பல இடங்களில் ஒன்றிரண்டு வயசாளிகளின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இதை வாசிக்கிற நீங்கள் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால், அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது மூன்று விசயம் செய்யுங்கள். உங்கள் லயத்தை இஸ்தோப்போடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். அதை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். பிறகு வயசானவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். புது வீடு கிடைத்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு அந்த வரிசையைச் சொல்ல ஆள் இருக்காது.