ஒண்ணும் ஆகாது என்றேன்

இளையரசனேந்தலில் என் சித்தி மகன் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். பகலில் பட்டா, சான்றிதழ், மனு என்று ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பான். தாலுகா ஆபீசுக்குக் கோவில்பட்டி, ஒன்றிய ஆபீசுக்குக் குருவிகுளம் என்று பல வருஷம் அலைந்த ஊர். வேலைக்குக் குறைவில்லை. ராத்திரி 10 மணிக்கு மேல் கேம்.

கேமுக்காக ஓஎல்இடி மானிட்டர் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டான். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். ஓஎல்இடியில் நான் ஒரு கேம்கூட ஆடியதில்லை. அதைச் சொல்லவில்லை. வீடியோவில் பார்த்ததை என் அனுபவம்போலச் சொன்னேன். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தே விடும், ஓடுகிற காட்சி இழுபடாது என்றேன். அதெல்லாம் உண்மைதான்.

"அண்ணே, பகல் பூரா ஒரே பக்கந்தான் திறந்து கிடக்கும். பரவாயில்லையா?"

சரியான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். அந்தப் புள்ளிகள் ஒளிர ஒளிரத் தேயும். அசையாத படம் நெடுநேரம் நின்றால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து தடம் விழும். படித்திருந்தேன். சொன்னால் என் யோசனை பிசகு என்றாகிவிடும்.

"ஒண்ணும் ஆகாதுலே" என்றேன்.

58,000 ரூபாய். சித்தி மக்காச்சோளம் விற்ற பணம். அந்தப் பருவத்து உரத்தை வட்டிக்கு வாங்கித்தான் போட்டார். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்றவனும் நானே. வாரண்டி அதோடு போனது. அவனுடைய கிராஃபிக்ஸ் கார்டு அந்த மானிட்டரின் 240 ஹெர்ட்ஸில் கால்வாசியைத்தான் எட்டியது. 18,000 ரூபாய்க்கு ஒரு ஐபிஎஸ் வகை எல்சிடி மானிட்டரே அவனுக்குப் போதுமாக இருந்திருக்கும். அதுவும் எனக்கு அன்றே தெரியும்.

14 மாதம் கழித்துக் கூப்பிட்டான். சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்துக் காட்டினான். அடியில் டாஸ்க்பாரின் பட்டை. மேலே விண்ணப்பப் பக்கத்தின் கட்டங்கள். கேமில் வானம் வரும்போதெல்லாம் அந்தக் கட்டங்கள் வானத்தில் நின்றன.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் கேவலம். சித்தி தினமும் படுக்குமுன் எல்லாச் சுவிட்சையும் அணைப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓஎல்இடி ஓய்வில் இருக்கும்போது தேய்மானத்தைத் தானே சரிக்கட்டும். அதற்குக் கரண்ட் வேண்டும்.

"சித்தி அணைச்சதாலதான் கெட்டுச்சு" என்றேன். அவர் முன்னாலேயே சொன்னேன்.

சுவிட்சை அணைக்காதீர்கள் என்று வாங்கிய அன்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். அணைக்காமலே இருந்திருந்தாலும் தடம் விழுவது கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். சித்தி எதுவும் பேசவில்லை. முந்தானையால் சுவிட்ச் பெட்டியைத் துடைத்தார்.

போன மாதம் இருவரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தி "விடுய்யா" என்றார். ஆனால் அந்த அறையில் லைட்டை அணைக்கக்கூட இன்னும் மகனைக் கூப்பிட்டுக் கேட்கிறார்:

"ஏய்யா, இதை அணைக்கலாமா?"