தரையிலிருந்து எழுந்திருப்பது

நான்கு வருடங்களுக்கு முன்னால் வில்லியனூரில் ஒரு காரியத்துக்குப் போயிருந்தோம். என் மனைவி வழி உறவு. சாப்பாட்டுக்கு மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனாலும் வயதில் மூத்தவர்கள் சிலர் கூடத்தில் தரையில் இலை போட்டு உட்கார, நானும் கௌரவத்துக்காக அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். மோர் சாதம் முடித்து, இலையை மூடி, எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. கையை ஊன்றினேன். முழங்காலைத் திருப்பினேன். ஊஹும். கடைசியில் இரண்டு பையன்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். வாசலில் நின்றிருந்த என் மைத்துனர், "டேய், மாமாவுக்கு ஒரு ஜேசிபி சொல்லுங்கடா" என்றார். துக்க வீடு என்பதையும் மறந்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. அப்போது எனக்கு எழுபது. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும் நாற்காலிதான். கால் தரையை மறந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், உடம்பு விஷயத்தில் நான் நம்பிக்கை இழந்தது அதற்கும் வெகு காலம் முன்னால். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். உடற்பயிற்சி வகுப்பில் கயிறு ஏற வேண்டும். என்னால் பாதி கூட முடியாது. ஆசிரியர் என் மதிப்பெண் ஏட்டில் இருபதுக்கு மூன்று போட்டு, பக்கத்தில் 'நுல்' என்று எழுதினார். பூஜ்யம் என்று அர்த்தம், ஒன்றுக்கும் உதவாதவன் என்றும் அர்த்தம். மூன்று மதிப்பெண்ணை அன்றே மறந்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அறுபது வருடமாக மறக்கவில்லை. யாராவது நடக்கலாம், ஓடலாம் என்று கூப்பிட்டால், "நமக்கு அதெல்லாம் வராது" என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன்.

வில்லியனூர் அந்தப் பேச்சை நிறுத்தியது. மருத்துவரிடம் போனேன். அவர் முழங்காலையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி சிகிச்சை தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். என் பேத்தி வயதுதான் இருக்கும். "தாத்தா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டது. "யார் கையையும் பிடிக்காம தரையிலிருந்து எழுந்திருக்கணும்மா" என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கே அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவள் சொன்ன வழி எளிமையானது. முதலில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ வேண்டும். காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து. அது சுலபமானதும் நாற்காலியை விட்டு முக்காலி. பிறகு அதைவிடத் தாழ்வான மணைப்பலகை. கடைசியில்தான் தரை. பக்கத்தில் சுவரோ கட்டிலோ இருக்க வேண்டும். தினமும் நடக்கவும் வேண்டும். நடக்க எங்கள் ஊரில் இடத்துக்குக் குறைவில்லை. கடற்கரைச் சாலையில் காலை ஏழரை மணி வரை வண்டிகள் வராது. காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவே போய்வர ஆரம்பித்தேன்.

உடனே ஆரம்பமாயிற்று பேச்சு. "எழுபது வயசுல ஒலிம்பிக் போகப்போறாரா?" என்றார் மைத்துனர். "நம்ம தலையில எழுதினது எத்தனையோ அத்தனைதான். நடந்தா கூடப்போகுதா?" என்றார் டீக்கடை நண்பர், இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டே. பிரான்சிலிருந்து மகன் போனில், "அப்பா, எதுக்கு ரிஸ்க்? சும்மா இருங்க" என்றான். மனைவியோ, "நீங்க விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நான் ஒருத்தியா தூக்க முடியுமா?" என்றாள்.

அலுவலகத்தில் எனக்கு வெகுநாள் தபால் பிரிக்கும் வேலை. வந்த கடிதம் எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறவன் நல்ல எழுத்தன் இல்லை. எது பதில் கேட்கிறது, எதைப் பார்த்துவிட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று தெரிய வேண்டும். இந்தப் பேச்சுகளையும் அப்படியே பிரித்தேன். மைத்துனரின் கிண்டலும் டீக்கடை வேதாந்தமும் கோப்புக்குப் போயின. அவர்களோடு வாதாடி ஜெயித்தாலும் என் முழங்காலுக்கு ஒரு பயனும் இல்லை. மனைவியின் பேச்சு வேறு. அவள் அப்பா குளியலறையில் விழுந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவர். அவளை அழைத்துக்கொண்டு போய் அந்தச் சிகிச்சைப் பெண்ணிடமே கேட்க வைத்தேன். "பாட்டி, கால்ல பலம் இருந்தாத்தான் விழமாட்டாங்க" என்று அவள் செய்து காட்டிய பிறகு, மனைவி எதிர்ப்பை நிறுத்தினாள். ஆதரவு என்று சொல்ல முடியாது. எதிர்ப்பு இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்தேன். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வருகைப் பதிவேடு போலக் கோடு போட்டேன். தேதி, எதிலிருந்து எழுந்தேன், எத்தனை தடவை, கையெழுத்து. உற்சாகம் இருந்ததா இல்லையா என்று எழுத அதில் கட்டம் கிடையாது. முப்பத்தைந்து வருடம் உற்சாகத்தோடா அலுவலகம் போனேன்? கையெழுத்துப் போட வேண்டும், போனேன்.

முக்காலிக்கு வர மூன்று மாதம். அங்கே வெகுநாள் தேங்கினேன். பிறகு மழைக்காலத்தில் முழங்கால் வீங்கி ஐந்து வாரம் நின்றுபோயிற்று. "சொன்னேன்ல?" என்றார் மைத்துனர். இந்த முறை அது கோப்புக்குப் போகவில்லை. உள்ளே போய்விட்டது. 'நுல்' என்ற பழைய சொல்லும் கூடவே எழுந்து வந்தது.

அந்த நாட்களில்தான் ரொபேர் மர்ஷானைப் பற்றிப் பிரெஞ்சில் படித்தேன். 1911-இல் பிறந்த சைக்கிள் வீரர். ஐந்தடி உயரம். இளமையில் ஒரு பயிற்சியாளர், இந்த உருவத்துக்குப் பந்தயம் சரிப்படாது, விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். அவரும் விட்டுவிட்டுத் தீயணைப்பு வீரர், லாரி ஓட்டுநர், மரம் வெட்டுபவர் என்று பல வேலை பார்த்தார். அறுபத்தைந்து வயதைத் தாண்டித்தான் மறுபடி சைக்கிளைத் தீவிரமாக எடுத்தார். 2012-இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டினார். 2014-இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். நூறுக்கு மேல் போய் வேகம் கூடியிருக்கிறது! 105 வயதிலும் 22.547 ஓட்டி, 2021-இல் 109 வயதில் இறந்தார்.

அவர் பெரிய மனிதர், நம்மால் முடியுமா என்பதல்ல விஷயம். அந்தப் பயிற்சியாளருக்கு அவர் திருப்பிச் சொன்ன பதில் எதையும் நான் படிக்கவில்லை. படித்ததெல்லாம் கிலோமீட்டர்தான். அடுத்தவர் வாயில் அளந்தால் நான் 'நுல்'. என் நோட்டில் அளந்தால், முக்காலியிலிருந்து எட்டு தடவை எழுந்தவன். வீக்கம் வடிந்ததும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மறுபடி நாற்காலியிலிருந்து தொடங்கினேன். விட்ட ஐந்து வாரத்துக்கும் நோட்டில் 'விடுப்பு' என்று எழுதினேன். விடுப்பில் போனவன் வேலையை விட்டவன் ஆகமாட்டான்.

மணைப்பலகைக்கு வந்த அன்று அதைப் பூஜை அறையிலிருந்து எடுத்து வந்து போட்டவள் என் மனைவிதான். போட்டுவிட்டு என் பக்கத்தில் நின்றாள், தொடவில்லை.

சென்ற கோடையில் பேரன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். ஒரு பிற்பகல், கூடத்தில் கேரம் பலகையைத் தரையில் போட்டு, "தாத்தா, வா" என்றான். உட்கார்ந்தேன். இரண்டு ஆட்டம் ஆடினோம், இரண்டிலும் தோற்றேன். பிறகு ஒரு காலை மடித்து, முழங்காலில் ஒரு கையை ஊன்றி எழுந்தேன். கை ஊன்றாமல் இன்னும் வரவில்லை. ஆனால் யார் கையையும் பிடிக்கவில்லை. பேரன் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் நான் எழுந்ததைக் கவனிக்கவே இல்லை. தாத்தா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், அதில் கவனிக்க என்ன இருக்கிறது? அறுபது வருடத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் நல்ல மதிப்பெண் அதுதான்.

மைத்துனர் இன்னும் 'ஒலிம்பிக் மாமா' என்றுதான் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும். நோட்டு மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று காலைக் கையெழுத்து ஆயிற்று, மாலையில் ஒன்று பாக்கி.