கரைக்கு அடியில் ஒரு கல் வழி

திருமயத்துக்கு வருகிறவர்கள் கேமராவை மேல்நோக்கியே பிடிக்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையில் வரும்போதே கோட்டை கண்ணில் பட்டுவிடும். 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது. பாறையின் சரிவில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். பள்ளிகொண்ட பெருமாளின் அந்த நீளத்தை ஒரே படத்துக்குள் அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நானும் உச்சிக்கு ஏறினேன். ஆனால் அங்கே பீரங்கியைவிடக் கீழே பரந்து கிடந்த கண்மாய்கள்தான் என்னை இழுத்தன. ஆற்றை நம்ப முடியாத இந்தச் சீமையைக் காப்பாற்றியவை அவைதாம். அவற்றின் வயிற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகும் நிலத்தடி வழியைப் படமெடுக்கத்தான் நான் வந்திருந்தேன்.

கரையில் நின்று வற்றிய கண்மாயின் உள்வாயைப் பார்த்தால், கரையை விட்டுத் தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்கும். நடுவே குறுக்குக் கற்கள், அவற்றில் துளை. இதுதான் குமிழி. தூண்களுக்குக் கீழே தரையோடு தரையாக ஒரு கல்தொட்டி. அதன் மூடுகல்லில் இருக்கும் ஓட்டை நீரோடி. அடியில், கண்மாயின் தரை மட்டத்தில் இருக்கும் சிறிய துளைகள் சேறோடி. நீரோடியை அடைக்கும் கல்லின் தண்டு குறுக்குக் கல்லின் துளை வழியே மேலே வரும். அதைத் தூக்கினால் மேலிருந்து தெளிந்த நீரும் அடியிலிருந்து வண்டலும் தொட்டிக்குள் இறங்கும். இரண்டும் கலந்து, கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியாக வாய்க்காலைச் சேரும். வயலுக்குத் தண்ணீரோடு எருவும் போகிறது. மடையைச் சுற்றிச் சேறும் தங்குவதில்லை. கரையை ஒட்டி மடை வைத்தால் தண்ணீர் சுழித்து மண்ணை அரிக்கும் என்பதால்தான் தூண்களை உள்ளே தள்ளி நட்டார்கள்.

இலங்கையின் பழைய குளங்களிலும் இதே வேலையைச் செய்யும் மதகுக் கிணறு உண்டு. சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். அங்கே பணியாற்றிய நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளிவந்த தன் நூலில் அதை வியந்து எழுதியிருக்கிறார். நம் குமிழிக்கும் அப்படி ஊரறிந்த ஒரு நூல் கிடைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரை வைகைப் பக்கம் திருப்பிய பென்னிகுயிக்கின் சுரங்கம் 1895இல் திறக்கப்பட்டது. அதைத் தமிழ்நாடே கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஊர்தோறும் கரையைத் துளைத்துக் கல் வழி அமைத்தவர்களுக்கு எந்தச் சிலையும் இல்லை.

இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும். சுருங்கையின் வாயும் கிழக்கு பார்த்திருக்கும். காலைச் சூரியன் எழும் சற்று நேரம் வெளிச்சம் நேராக உள்ளே போகும், அதுதான் படத்துக்கான நேரம். காய்ந்த வாய்க்காலில் குப்புறப் படுத்துக் கேமராவைத் தரையோடு வைத்தேன். பக்கச் சுவரில் கல்லோடு கல் பொருந்திய கோடுகள் தெரிந்தன. ஒரு மூலையில் உளி கொத்திய தடம் இன்னும் மழுங்காமல் இருந்தது. தரையில் பாளம் பாளமாக வெடித்த வண்டல். பிளாஷ் போட்டால் இத்தனையும் வெளுத்துப்போகும். முக்காலியில் வைத்து நீண்ட நேரம் ஒளியேற்றி எடுப்பதே சரி.

ஆடுகளை மேயவிட்டுக்கொண்டிருந்த பெரியவர் கரையிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன தம்பி, பாம்புப் பொந்தையா படம் புடிக்கிற?"

"இல்லய்யா, இந்த மடை வழியத்தான்."

"எங்கப்பா இந்தக் குமிழியத் திறந்தவரு. கம்மாய் ரொம்பிக் கெடக்கும். நீந்திப் போயி குறுக்குக் கல்லுல ஏறி நின்னு தூக்கணும். தண்ணி இழுக்குற இழுப்புக்கு ஒத்த ஆளால ஆகாது."

பிறகு திருகு ஷட்டர் வந்ததும் குமிழியைக் கேட்பாரில்லாமல் போனது என்றார். இப்போது தூணில் மாடு உரசுகிறது.

அந்தத் தூணில் எழுத்து இருந்தது. புதுக்கோட்டை வட்டாரத்துக் குமிழித் தூண்கள் பலவற்றில், அதைச் செய்வித்தவர் யார் என்று வெட்டியிருப்பார்கள். வெயில் நேராக விழும்போது எழுத்து தட்டையாகிவிடும். உச்சி வேளைக்குச் சற்று முன், வெளிச்சம் மேலிருந்து சரிந்து இறங்கும்போது ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் கிடைக்கும். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு இழுத்துப் படமெடுப்பதை இனியாவது நிறுத்த வேண்டும். நாம் தப்பாக இழுத்த கோடே அடுத்து வருகிறவருக்குப் பாடமாகிவிடுகிறது.

காத்திருந்தபோது தீரர் சத்தியமூர்த்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. 1887இல் இதே திருமயத்தில் பிறந்தவர். 1939இல் சென்னை மேயரானபோது நகரத்தின் தாகத்தைக் கண்டு பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிசெய்தார். 1944இல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரில் நிற்கிறது. கண்மாய்களுக்கு நடுவே பிறந்தவருக்குத் தண்ணீரின் அருமை தெரிந்திருந்தது இயல்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தைப் படமெடுத்து முடித்து, தூணோரம் அளவுகோலை நிறுத்தியும் ஒரு படம் எடுத்தேன். அளவில்லாத படம் அழகாக இருக்கும், ஆராய்கிறவருக்கு உதவாது. பெரியவர் அந்த அளவுகோலை வாங்கி முழம் போட்டுப் பார்த்தார். மிகுநீர் வழியும் கலிங்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு குமிழி இருப்பதாகவும், அதன் தொட்டிக்குள் ஆலவேர் இறங்கிவிட்டதாகவும் சொன்னார். வேர் கல்லைப் பிளப்பதற்குள் அதையும் எடுத்துவிட வேண்டும் என்று முக்காலியை மடக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.