விற்கப்பட்டவரின் சொல்

தம்மை விற்ற சகோதரர்களிடம் யோசேப்பு, ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தில், இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்: அவர்கள் எண்ணியது தீமை, கடவுள் அதைப் பலரது உயிர்காக்கும் நன்மையாக்கினார். மீட்பின் திட்டம் குற்றத்தின் பெயரை மாற்றுவதில்லை. பேதுருவும் சிலுவையைக் கடவுளின் திட்டம் என்கிறார். அதற்குக் காரணமானோரை மனந்திரும்பவும் அழைக்கிறார்.

யோசேப்பின் அச்சொல் விற்கப்பட்டவருக்கே உரியது. விற்றவர்கள் மன்னிப்பே கேட்டனர். இவ்வேறுபாடு மூணாறு மலைக்கும் பொருந்தும். 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழ்த் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டனர், தொழிற்சங்கத் தலைமையையும் புறந்தள்ளினர். அவர்களிடம் ‘எல்லாம் தேவசித்தம், பொறுத்திருங்கள்’ என்று மேலிருந்து ஒருவர் போதித்திருந்தால், அது யோசேப்பின் சொல்லை அவரிடமிருந்து பறிப்பதாகும். துயரில் கடவுளின் கரத்தைக் காணும் உரிமை துயருற்றோருடையது. தீங்கிழைத்தோருக்கு உரியது மனந்திரும்புதல்.