கூடத்துச் சுவரில் ஒரு பட்டாளம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பட்டாளமே குடியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஒரு பக்கம் முருகன், இன்னொரு பக்கம் லக்ஷ்மி, நடுவிலே துப்பாக்கியும் கையுமாக வெள்ளைக்காரச் சிப்பாய்கள்! முதல் தடவை வருகிறவர்கள் காப்பியை உறிஞ்சியபடியே அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

படத்தை வாங்கி வந்தவர் என் தகப்பனார். 1957-ல், எனக்குப் பத்து வயது. பின்னாளில், 1985-ல், தீக்கிரையான மூர் மார்க்கெட்டிலே பழைய சாமான் கடை ஒன்றில் பேரம் பேசி மூன்று ரூபாய்க்கு முடித்தாராம். "மூன்று ரூபாய்க்கு ஒரு வாரக் காய்கறி வந்திருக்குமே!" என்று அம்மா அங்கலாய்த்தாள். அப்பா பதில் பேசாமல் ஆணியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அது வண்ணப் படம் அல்ல. பெரிய ஓவியம் ஒன்றைப் பார்த்து, உலோகத் தகட்டிலே கோடு கோடாகச் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் அழுத்தி எடுத்த அச்சுப் படம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தில் இத்தகைய யுத்தப் படங்களுக்கு ஏகக் கிராக்கி. ஓவியத்தை விற்ற பணத்தைவிட, நகல் அச்சிடும் உரிமைக்கு அதிகப் பணம் கிடைத்ததும் உண்டு.

படத்தின் அடியில் "28-வது ரெஜிமெண்ட், காத்ர் பிரா, 1815" என்று இருந்தது. ஓவியர் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது.

காத்ர் பிரா என்பது பெல்ஜியத்தில் உள்ள ஒரு நாற்சந்தி. வாட்டர்லூ யுத்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 16-ம் தேதி, அங்கே பிரெஞ்சுத் தளபதி நேயின் படைகளும் வெல்லிங்டனின் படைகளும் மோதின. குதிரைப் படை பாய்ந்து வந்தால் காலாட்படை என்ன செய்யும்? ஓடினால் தொலைந்தது. நான்கு பக்கமும் முகம் காட்டிச் சதுரமாக நிற்க வேண்டும்; முன் வரிசை மண்டியிட்டுத் துப்பாக்கி முனை ஈட்டியை நீட்ட வேண்டும். ஈட்டி வேலியின் மேல் எந்தக் குதிரையும் எளிதில் பாயாது. ஆனால் ஒருவன் பயந்து நகர்ந்தால் போதும், அத்தனை பேரும் அழிந்தார்கள். 28-வது ரெஜிமெண்ட் அப்படி நின்ற காட்சிதான் எங்கள் படம்.

அந்தப் பட்டாளத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1801-ல் எகிப்திலே, அலெக்ஸாண்டிரியா யுத்தத்தில், முன்னாலும் பின்னாலும் எதிரி சூழ்ந்தபோது, பின் வரிசை அப்படியே திரும்பி நின்று சண்டையிட்டதாம். அதன் நினைவாகத் தொப்பியின் முன்புறம் மட்டுமல்லாமல் பின்புறமும் சின்னம் அணிந்தார்கள்.

என் அண்ணாவும் நானும் அட்டையில் சின்னம் வெட்டிப் பின்னந்தலையில் கட்டிக்கொள்வோம். தெரு நாய்கள்தாம் பிரெஞ்சுக் குதிரைப் படை. சதுரம் அமைக்க நாலு பேர் வேண்டுமே. இரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி நிற்போம். படத்தில் ஓர் இளம் சிப்பாய் வாய் விட்டுச் சிரிக்கிறான். அவன்தான் எங்கள் கதாநாயகன். "குதிரை மேலே வந்து விழுகிறது, இவன் சிரிக்கிறான் பார்!" என்பான் அண்ணா.

அண்ணா பட்டாளத்தில் சேர்ந்தான். 1965 செப்டம்பரில் மேற்கு எல்லையில் இருந்தான். அந்த மாதம் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் அம்மா பூஜை அறைக்குள் போய்விடுவாள். கடிதத்தை வாங்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

தெய்வாதீனமாக அண்ணா திரும்பி வந்தான். மறு பொங்கலுக்கு லீவில் வந்தவன், யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கூடத்துக்கு வந்தேன். விளக்கைப் போட்டுக்கொண்டு படத்தின் முன்னால் நின்றிருந்தான்.

"இவன் சிரிக்கிறான் என்றுதானே இத்தனை நாள் நினைத்தோம்?"

"ஆமாம், அண்ணா."

"இது சிரிப்பு இல்லையடா. என் பக்கத்தில் ஒரு பையன் இப்படித்தான் சிரித்தான். நிறுத்த முடியவில்லை அவனால்."

அந்தப் பையன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. அண்ணா விளக்கை அணைத்தான்.

சண்டையைக் கண்ணால் கண்ட ஒருவன்தான் இதை வரைந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கன்னிமாரா நூல் நிலையத்தில் தேடினேன். கிடைத்த விடை என்னைத் தூக்கி வாரிப் போட்டது. வரைந்தவர் ஒரு பெண்! எலிஸபெத் தாம்ஸன்; பின்னால் பட்லர் சீமாட்டி. 1875-ல் அந்த ஓவியம் காட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது 28. சண்டையை அவர் பார்த்ததே இல்லை.

ஆனால் பாருங்கள், அவர் பட்ட சிரமத்தை! அந்த நாற்சந்தியில் கோதுமை மாதிரியான ரைப் பயிர் உயரமாய் நின்றதாம். மிதிபட்ட பயிர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, வயலில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிக் குழந்தைகளை விட்டு மிதிக்கச் செய்தார். அவருக்காக 300 சிப்பாய்கள் சதுரமாக நின்று துப்பாக்கி சுட்டுக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக முகங்களைப் பார்த்தார். தளபதியை நடுவில் உட்கார வைத்து வரையாமல், அடிமட்டச் சிப்பாயின் முகத்தை வரைந்தார். பயந்தவன், பல்லைக் கடித்தவன், சிரிப்பவன் எல்லாரும் இருக்கிறார்கள். பெண்ணால் ஓவியம் வரைய முடியாது என்று சொல்லி வந்த ரஸ்கின் என்ற பெரிய விமரிசகர், அந்தப் படத்தின் முன்னால் தம் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் 1879-ல் ராயல் அகாடமி தேர்தலில் இரண்டே வாக்குகளில் தோற்றுப் போனார் அந்த அம்மாள். யுத்தத்தின் பெருமைக்காக வரையவில்லை, அதன் சோகத்தையும் வீரத்தையும் காட்டவே வரைந்தேன் என்று பிற்காலத்தில் எழுதினார்.

மூல ஓவியம் இப்போது மெல்போர்னில், விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்தப் பட்டாளம் 1881-ல் குளோஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட் ஆயிற்று. 1951 ஏப்ரலில், கொரியாவில் இம்ஜின் நதிக்கரைக் குன்றில், அதன் ஒரு பட்டாலியன் மறுபடியும் நாற்புறமும் சூழப்பட்டது. மிகச் சிலரே தப்பினார்கள், பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். பழைய பெருமையை அவர்கள் காப்பாற்றினார்கள்; அதற்குக் கொடுத்த விலை அது.

இதையெல்லாம் இன்று சொல்லக் காரணம் இருக்கிறது. என் பேரன் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறான். "இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்தது, கழற்றி விடுங்கள், மாமா" என்றாள் மருமகள். அவள் கண்ணில் என் தாயாரைக் கண்டேன். பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

அன்று மாலை பேரனைப் படத்தின் முன்னால் நிறுத்தினேன். அண்ணா சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இதுவரை யாரிடமும் நான் சொல்லாத விஷயம். பையன் வெகு நேரம் அந்த இளம் சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, இவன் பிழைத்தானா?"

"படத்தில் அது இல்லை, அப்பா."

அவன் தலையை ஆட்டினான். "தெரிந்துகொண்டே போகிறேன், தாத்தா" என்றான். அடுக்களை வாசலில் நின்ற மருமகள் புடைவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

படத்தை நான் கழற்றவில்லை. மறுநாள் காலை மருமகளே ஈரத் துணியால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிப்பாய்ப் பையனின் முகத்துக்கு மேலே மட்டும் இரண்டு தடவை துடைத்தாள்.