யாருடைய ரிப்போர்ட்?

ரயில் நிலையத்தில் அச்சு அசல் தன்னைப் போலவே இருக்கும் ஒருத்தி ரயில் முன் பாய்ந்து சாவதைப் பார்க்கிறாள் சாரா. அதிர்ச்சி அடங்குவதற்குள் செத்தவளின் கைப்பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறாள். 2013இல் வந்த கனடியத் தொடர் ‘ஆர்ஃபன் பிளாக்’ இப்படித்தான் ஆரம்பிக்கும். ஐந்து சீசன், ஐம்பது எபிசோட். சாரா, அலிசன், கொசிமா, ஹெலனா, ரேச்சல் என்று அத்தனை குளோன்களாகவும் டாட்டியானா மஸ்லானி ஒருவரே நடித்திருப்பார். 2016இல் எம்மி விருதும் கிடைத்தது. மச்சத்தையும் மீசையையும் வைத்து இரட்டை வேடத்தைப் பிரித்துப் பழகிய நமக்கு, அலிசனாக நடிக்கும் சாரா, சாராவாக நடிக்கும் அலிசன் என்று அவர் போகும்போது தலை சுற்றும்.

நானும் ஒரு இரட்டைப் பிறவி. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். அப்படிப் பார்த்தால் இயற்கை செய்த குளோன். ஊரில் என்னை யாரும் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “நீ பெரியவளா, சின்னவளா?” என்பார்கள். அக்கா ஏழு நிமிடம் மூத்தவள். என் போன் அவள் முகத்துக்கும் திறக்கும். இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, அவள் மார்பில் அந்தக் கட்டி வரும்வரை.

முதல் சீசனில் ஒரு இடம். சாராவால் போக முடியாததால் அவள் மகள் கீராவைப் பார்க்க அலிசன் போகிறாள். அதே முகம், சாராவின் உடை. கீரா உடனே கண்டுபிடித்துவிடுகிறாள், இது அம்மா இல்லை. பெத் என்ற அந்தச் செத்துப்போனவளோடு குடித்தனம் நடத்திய பால், அவளைக் கண்காணிக்கவென்றே வைக்கப்பட்டவன். அவனுக்கு உறைக்க நாளாகிறது. எங்கள் அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும் இருமலை வைத்தே எங்களைப் பிரித்துவிடுவாள்.

ஆனால் அம்மா கேட்கும் இருமல் ஆய்வகத்துக்குக் கேட்காது. அந்த சீசனின் கடைசி எபிசோடில் கொசிமா தங்கள் டிஎன்ஏவுக்குள் ஒளிந்திருக்கும் குறியீட்டை உடைக்கிறாள். இந்த உடலும் இதிலிருந்து உருவாகும் எதுவும் அறிவுசார் சொத்து என்கிறது அது. எதுவும் என்றால் கீராவும்தான். இது ஒளிபரப்பானது 2013 ஜூன் 1. பன்னிரண்டு நாள் கழித்து, ஜூன் 13 அன்று, மிரியட் ஜெனடிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: உடலிலிருந்து பிரித்தெடுத்தார்கள் என்பதற்காக ஓர் இயற்கை மரபணுவுக்குக் காப்புரிமை தர முடியாது, ஆய்வகத்தில் உருவாக்கிய சிடிஎன்ஏவுக்குத் தரலாம். வழக்கில் இருந்த மரபணுக்கள் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. மார்பகப் புற்றுநோயோடும் சினைப்பைப் புற்றுநோயோடும் சம்பந்தப்பட்டவை.

அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்ததும் பிஆர்சிஏ1தான். பாசிட்டிவ்.

அவள் அதை வாட்ஸப்பில் அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எனக்கு ரத்தம் எடுக்கவில்லை, என்னிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை, படிவத்தில் என் பெயரே கிடையாது. ஆனாலும் அது என் ரிப்போர்ட். அந்த மாற்றம் இருப்பதால் எனக்கும் கட்டி வந்தே தீரும் என்றில்லை. ஒரே மரபணு உள்ள இரட்டையரில் ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு வராமலும் போகலாம். டாக்டரும் அதையேதான் சொன்னார். சொல்லும்போது அவர் பார்த்தது என்னையா, எனக்குள் இருந்த அவளையா தெரியவில்லை. கொசிமா இருமிக் கையில் ரத்தத்தைப் பார்க்கும் காட்சியில் மற்ற குளோன்களின் முகங்களை நான் தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

தொடரின் முடிவோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. உலகமெங்கும் மொத்தம் 274 குளோன்கள் என்று தெரியவருகிறது. மருந்தும் கிடைத்துவிட்டது. கொசிமாவும் டெல்ஃபினும் ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறார்கள். ஆனால் அந்தப் பெண்களிடம் அவர்கள் யார் என்று சொல்வதில்லை. அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் சாராவும் மற்றவர்களும் ஐந்து சீசனாகச் சண்டை போட்டதே தங்களைப் பற்றிய விஷயத்தைத் தங்களுக்குத் தெரியாமல் வேறு யாரோ வைத்திருக்கிறார்கள் என்பதற்காகத்தானே? இப்போது அந்த ஃபைல் கொசிமா கையில். அவள் நல்லவள், சரி. ஃபைல் அதேதான்.

கீமோ முடிந்து முடி முளைக்கத் தொடங்கியிருந்த அக்காவோடு உட்கார்ந்து அந்த எபிசோடை மறுபடி பார்த்தேன். “நீயா இருந்தா சொல்லியிருப்பியா?”

“சொல்லாம? இத நான் ஒருத்தியா வச்சிக்கிட்டு என்னடி பண்ணுவேன்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு எம்ஆர்ஐ வரும் வியாழக்கிழமை. கூட வருகிறேன் என்றிருக்கிறாள்.