மூலமும் படியும்

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் படித்தோர் ஓர் ஓலையை மறந்திருக்க மாட்டார்கள். மணப்பந்தலுக்குள் வந்த முதிய அந்தணர் ஒருவர், மணமகனாகிய நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். சான்றாக ஓர் ஓலையையும் காட்டுகிறார். சினங்கொண்ட ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலை மட்டுமே. மூல ஓலை முதியவரிடம் இருக்கிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையத்தை அடைகிறது. அவையத்தார் மூல ஓலையைப் படித்துப் பார்த்ததோடு அமையவில்லை. ஆரூரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். வழக்காடுபவர் இறைவனே ஆயினும் சான்று வேண்டும் என்பது சேக்கிழார் காட்டும் அவையின் நெறி.

அங்கே படி அழிந்தது. மூலம் வழக்கை வென்றது. அயர்லாந்து நாட்டின் அரசு ஆவணக் காப்பகத்திற்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மறுதலை. எழுநூறு ஆண்டுகளின் மூல ஏடுகள் ஒரு நண்பகலில் எரிந்தன. யார் யாரோ, எங்கெங்கோ, எதற்காகவோ எடுத்துவைத்த படிகளைக் கொண்டே அந்நாட்டார் இன்று தம் வரலாற்றின் பெரும்பகுதியைத் தேடிக் கோக்கின்றனர்.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அயர்லாந்து சிறிது சிறிதாக ஆங்கிலேய அரசுக்கு உட்பட்டது. ஆட்சி வந்த இடத்தில் எழுத்தும் வந்தது. வரிக்கணக்கு, நிலக்கொடை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை பதப்படுத்திய தோலில் எழுதப்பட்டுச் சுருட்டி வைக்கப்பட்டன. அச்சுருள்களுக்கு நிலையான இல்லம் இல்லை. டப்ளின் கோட்டையின் கோபுரம், மடாலயம், அலுவலகம் எனப் பல இடங்களில் அவை கிடந்தன. ஈரத்திற்கும் எலிக்கும் இரையாயின. 1304ஆம் ஆண்டில் மடாலயம் ஒன்றில் பற்றிய தீயில் அரசுச் சுருள்கள் அழிந்தன. 1711ஆம் ஆண்டில் மற்றொரு தீ, நில அளவைப் படங்கள் உள்ளிட்ட பலவற்றைக் கவர்ந்தது. சிதறிக் கிடப்பதே அழிவுக்குக் காரணம் எனக் கருதிய அரசு, 1867ஆம் ஆண்டில் பொது ஆவணச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி அமைந்த பொது ஆவண அலுவலகத்தின் பொறுப்பை முதலில் ஏற்றவர் சாமுவேல் பெர்குசன். அவர் ஒரு கவிஞர். அயர்லாந்தின் பழங்கதைகளை ஆங்கிலப் பாட்டாக்கிய அவரிடமே பழஞ்சுருள்களும் ஒப்படைக்கப்பட்டது பொருத்தமே.

லிஃபி ஆற்றின் கரையில் ‘நான்கு நீதிமன்றங்கள்’ எனப் பெயர் பெற்ற வளாகம் ஒன்று உள்ளது. புதிய காப்பகம் அவ்வளாகத்திற்குள் எழுந்தது. அது இரு பகுதிகளைக் கொண்டது. முன்பகுதியில் அலுவலகமும் ஆய்வாளர் படிப்பறையும் இருந்தன. பின்பகுதி ஆவணக் கருவூலம். கருவூலம் ஆறு தளங்கள் உயர்ந்து, கண்ணாடிக் கூரை வழியே ஒளி பெற்றது. முன்பகுதியில் தீப்பற்றினாலும் கருவூலத்தைத் தாவிப் பிடிக்காதவாறு இரண்டையும் பிரித்தே கட்டியிருந்தனர். விளக்கும் கணப்பும் உள்ள இடத்திலிருந்துதான் தீ வரும் என்பது அவர்களின் கணிப்பு. கருவூலத்திற்குள்ளேயே ஒருநாள் வெடிமருந்து குவிக்கப்படும் என்று 19ஆம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் எவரும் எண்ணியிருக்க இயலாது.

1921ஆம் ஆண்டு டிசம்பரில் அயர்லாந்துத் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதனை ஏற்றோரும் மறுத்தோரும் இரண்டாகப் பிரிந்தனர். நேற்றுவரை ஒரே அணியில் நின்று போரிட்டவர்கள் எதிரெதிரே நின்றனர். உடன்படிக்கையை மறுத்த படையினர் 1922ஆம் ஆண்டு ஏப்ரலில் நான்கு நீதிமன்ற வளாகத்தைக் கைப்பற்றினர். ஆவணக் கருவூலம் அவர்களின் வெடிபொருள் கிடங்கானது. மைக்கேல் காலின்ஸ் தலைமையிலான இடைக்கால அரசு, பிரிட்டிஷாரிடம் பெற்ற பீரங்கிகளைக் கொண்டு ஜூன் 28ஆம் நாள் தாக்குதலைத் தொடங்கியது. ஜூன் 30ஆம் நாள் நண்பகலை ஒட்டிப் பெருவெடிப்பு நிகழ்ந்தது. கருவூலத்தின் கூரை சிதறியது. ஆறு தளங்களும் தீயாயின. எரிந்த தாள்கள் கரும்பறவைகள்போல் டப்ளின் வானில் பறந்தன. நகருக்கு வெளியே, பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடற்கரைச் சிற்றூர்வரை அவை சென்று விழுந்தன. உள்ளிருந்தோர் வைத்த கண்ணிவெடி எனச் சிலரும், பீரங்கித் தீ கிடங்கைத் தொட்டதால் நேர்ந்தது எனச் சிலரும் கூறினர். இரு தரப்பாரும் பழியை ஒருவர்மேல் ஒருவர் சுமத்தினர். வெடிமருந்தை ஏடுகளின் நடுவே வைத்தவர்களும், அது அங்கிருப்பதை அறிந்தே பீரங்கியை இயக்கியவர்களும் அந்த ஏடுகளுக்கு உரியவர்கள்தாம் என்பதே இதில் பெருந்துயரம்.

அழிந்தவற்றுள் மன்னர்களின் முத்திரை பதித்த சுருள்கள் பல. ஆயினும், அயர்லாந்து மக்கள் இன்றும் நினைத்து வருந்துவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்களை எண்ணியே. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் வீட்டுவாரிப் படிவங்கள் கருவூலத்தில் இருந்தன. அவற்றுள் கடைசி இரண்டிற்கும் இடையில்தான் பெரும்பஞ்சம் வந்தது. 1845ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதை மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழைக் குடியானவர்கள் பட்டினியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர், எஞ்சியோர் கப்பலேறினர். 1841இல் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகக் குறைந்தது.

1851ஆம் ஆண்டின் படிவத்தில் உயிருடன் வீட்டிலிருப்போர் பெயர்களுக்கு மட்டும் இடம் தரவில்லை. முந்தைய கணக்கெடுப்புக்குப் பின் அக்குடும்பத்தில் இறந்தோர் யார், அவர் வயது என்ன, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஆண்டில் இறந்தார் என்று எழுதத் தனி அட்டவணை இருந்தது. பஞ்சத்தில் மாண்டோருக்குக் கல்லறைக் கல் நட்டவர் குறைவு. ஒரே குழியில் பலரைப் புதைத்த இடங்கள் மிகுதி. பிழைத்த தாயோ தந்தையோ அந்த அட்டவணையில் சொல்லி எழுதிய பெயர்களே பல குழந்தைகள் வாழ்ந்ததற்கு இருந்த ஒரே எழுத்துச் சான்று. சில ஊர்களின் படிவங்கள் தவிர, மற்றவை எல்லாம் 1922இல் எரிந்தன.

அப்படியாயின் 1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் படிவங்கள் எங்கே? அவையும் இல்லை. ஆனால், அவற்றைத் தீ தொடவில்லை. தொகைகளைக் கூட்டி அச்சிட்டாயிற்று, இனிப் படிவம் எதற்கு என்று 1861, 1871 ஆண்டுகளின் படிவங்களை அரசே அழித்தது. அடுத்த இரண்டு கணக்கெடுப்புகளின் படிவங்கள் முதல் உலகப் போர்க்காலத்தின் தாள் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. வெடிப்பின் ஓசை உலகெங்கும் கேட்டது. எழுத்தர் ஒருவர் இட்ட கையொப்பத்தின் ஓசை எவர் செவிக்கும் எட்டவில்லை. இழப்பின் அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1901, 1911 ஆண்டுகளின் படிவங்கள் மட்டும், அப்போது வேறு அலுவலகத்தில் இருந்தமையால் முழுமையாகப் பிழைத்தன.

திருச்சபைப் பதிவேடுகளின் கதை இன்னும் விந்தையானது. அரசுத் திருச்சபையாக இருந்த அயர்லாந்துத் திருச்சபை அத்தகுதியை இழந்தபின், திருமுழுக்கு, மணம், அடக்கம் பற்றிய அதன் பழைய பதிவேடுகளைக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் எனச் சட்டம் வந்தது. தக்க பெட்டகம் வைத்திருந்த ஆலயங்களுக்கு மட்டும் விலக்கு. சட்டத்தை மதித்து அனுப்பிய பல நூறு ஊர்களின் பதிவேடுகள் சாம்பலாயின. ஆலயத்திலேயே வைத்துக்கொண்டோரின் பதிவேடுகள் பிழைத்தன. அனுப்புமுன் படியெடுத்து வைத்துக்கொண்ட குருமார் சிலரும் இருந்தனர். அவர்களை ஊரார் அன்று வேலையற்றவர் என்று எண்ணியிருக்கவும் கூடும்.

படியெடுத்தோர் பலவகையினர். வில்லியம் பெத்தம் என்னும் குடிவழி ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய உயில்களைப் படித்து, அவற்றிலுள்ள உறவுமுறைகளைக் குறிப்பேடுகளில் சுருக்கி எழுதினார். மூல உயில்கள் எரிந்துவிட, அவர் குறிப்புகளே ஆய்வாளர்க்கு இன்று துணை. அயர்லாந்துக் கருவூலத்தின் வரவுசெலவைத் தணிக்கை செய்ய, 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கணக்குகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அலுவலர்களின் நேர்மையில் ஐயம் கொண்டு கேட்ட அக்கணக்குகள் லண்டனில் தங்கிப் பிழைத்தன. காப்பகத்தின் அலுவலர் ஹெர்பர்ட் வுட் 1919ஆம் ஆண்டில் காப்பகத்தில் உள்ள ஆவணங்களுக்கு வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார். ஆய்வாளர்க்கு இருப்பதைக் காட்ட எழுதிய நூல், மூன்றே ஆண்டுகளில் இழந்தவற்றின் பட்டியல் ஆகிவிட்டது.

இடிபாடுகளைக் கிளறியோர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. தாளும் தோலுமாக ஏறத்தாழ 25,000 ஏடுகள் மீட்கப்பட்டன. வெப்பத்தால் சுருங்கி, புகை படிந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்த அவற்றைப் பழுப்புத் தாளில் பொதிந்து கட்டி வைத்தனர். பிரித்தால் நொறுங்கும் என்னும் அச்சத்தால் பொதிகள் பல தலைமுறைகள் அவிழ்க்கப்படாமலே இருந்தன. 1988ஆம் ஆண்டில் பழைய பொது ஆவண அலுவலகமும் அரசுத் தாள் அலுவலகமும் இணைந்து அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் உருவாயிற்று. அதன் பாதுகாப்பு வல்லுநர்கள் அண்மைக் காலத்தில் அப்பொதிகளைப் பிரித்து, சுருங்கிய தோலுக்கு மெல்ல ஈரமூட்டி நீவி, எழுத்துகளை மீண்டும் படிக்கச் செய்கின்றனர்.

தீப்பற்றி நூறாண்டு நிறைந்த 2022ஆம் ஆண்டு ஜூனில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் தலைமையில் மெய்நிகர் ஆவணக் கருவூலம் இணையத்தில் திறக்கப்பட்டது. எரிந்த கட்டடம் கணினியில் தளம் தளமாக மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. எந்த அடுக்கில் எது இருந்தது என்பதற்கு ஹெர்பர்ட் வுட்டின் நூலே வழிகாட்டியது. பல நாட்டு நூலகங்களிலும் காப்பகங்களிலும் கிடைத்த படிகள் அந்த வெற்று அடுக்குகளை நிரப்பி வருகின்றன.

அப்படிகளுள் மன்னரோ அறிஞரோ கேட்டுப் பெறாத ஒரு தொகுதி உண்டு. 1908ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. 70 வயது நிறைந்த ஏழைகளுக்கு 1909ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரந்தோறும் ஐந்து ஷில்லிங் வரை கிடைக்கும். ஆனால், வயதை எவ்வாறு மெய்ப்பிப்பது? அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பையும் அரசு பதியத் தொடங்கியதே 1864ஆம் ஆண்டில்தான். எனவே, 1841 அல்லது 1851ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தாம் குழந்தையாகப் பதிவாகியிருப்பதைத் தேடித் தருமாறு முதியவர்கள் காப்பகத்திற்கு விண்ணப்பித்தனர். தந்தை பெயர், தாயின் பிறந்தகப் பெயர், அன்று குடியிருந்த சிற்றூர், மாவட்டம் ஆகியவற்றை விண்ணப்பத்தில் எழுதவேண்டும். எழுத்தர்கள் கருவூலத்தில் தேடிக் கண்டதை அதே படிவத்தில் குறித்தனர். பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களையும் வயதையும் சேர்த்து எழுதியதும் உண்டு.

எரிந்த கணக்கெடுப்பின் துணுக்குகள் இவ்வாறு பல்லாயிரம் படிவங்களில் எஞ்சியுள்ளன. அவற்றுள் பலவற்றில் எழுத்தர் ‘காணப்படவில்லை’ என்று எழுதி முடித்திருக்கிறார். ஓய்வூதியம் மறுக்கப்படுவதற்கு அந்த ஒரு குறிப்பே போதுமானதாக இருந்திருக்கும். எனினும், அதே படிவத்தின் மேற்பகுதியில் விண்ணப்பித்தவரின் பெயரும், பஞ்சத்திற்கு முன் வாழ்ந்த தாய் தந்தையின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த சிற்றூரும் எழுதப்பட்டுள்ளன. தேசிய ஆவணக் காப்பகம் அப்படிவங்களை இணையத்தில் கட்டணமின்றிப் பார்வைக்கு வைத்துள்ளது. அன்று கப்பலேறியோரின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு, தம் முன்னோர் வாழ்ந்த ஊரின் பெயரை அவற்றில் தேடுகின்றனர்.